தோப்புக்கு எத்தனை எச்.பி.?

"கண்ணு, எத்தனை எச்.பி. எடுக்கறதுன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் சித்தப்பா. போனில் அவருக்குப் பின்னால் ஷோரூம் சத்தம். 45 எச்.பி. வண்டி ஒன்றை அப்போதுதான் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தார். குரலில் அந்த உற்சாகம் அப்படியே இருந்தது.

"அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க சித்தப்பா. ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு வர்றேன். பார்த்துட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

ஆனைமலைப் பக்கம் அவருக்கு நாலரை ஏக்கர். மூன்று ஏக்கர் தென்னை. மீதி ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளமும் தக்காளியும் மாற்றி மாற்றி. இதைச் சின்னப் பண்ணை என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபத்தில் நியாயமும் உண்டு. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதே நேரம் நம் நாட்டில் மிக அதிகமாக விற்கும் டிராக்டர் 41 முதல் 50 எச்.பி. வரையிலானது. நிலம் சிறியதாகவும் வண்டி பெரியதாகவும் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊரில் டிராக்டர் வாங்குகிறவர்களில் பலர் தம் நிலத்துக்கு மட்டும் வாங்குவதில்லை. மற்றவர் காட்டில் உழவு ஓட்டவும், டிப்பர் மாட்டி மண்ணும் மட்டையும் ஏற்றவும் வாங்குகிறார்கள். அவர்கள் ஊருக்கு வேண்டிய அளவில் எடுப்பது சரி. சித்தப்பா வாடகைக்கு ஓட்டப் போவதில்லை. அவர் தோப்புக்கு வேண்டியதைத்தான் கேட்டார்.

ஞாயிறன்று நான் எடுத்துப்போனவை மூன்று: ஓர் அளவு நாடா, முனை கூராக்கிய 12 எம்.எம். இரும்புக் கம்பி, ஒரு சாக்பீஸ். வண்டியின் அளவைத் தீர்மானிக்க இவை போதும் என்பது என் நம்பிக்கை. ஏன் என்று சொல்ல, எச்.பி. என்ற இரண்டு எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை விற்கும்போது, இது எத்தனை குதிரைக்கு ஈடு என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்த அளவுதான் குதிரைத்திறன். சுமார் 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு எச்.பி. நம் காளைகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒரு மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடினால் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தொடர்ந்து இழுக்கும். நல்ல சோடி ஒன்று 100 கிலோ இழுவையில் மணிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் நடக்கும். கணக்குப் போட்டால் சோடிக்கு ஒரு எச்.பி.கூட முழுதாக வராது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நம் பாட்டன்மார் காடு திருத்தினார்கள். 24 எச்.பி. மினி டிராக்டரைச் சின்ன வண்டி என்று நாம் சொல்வது, கட்டுத்தறியில் இருபத்தைந்து சோடி மாடுகளை நிறுத்திவைத்துக்கொண்டு போதாது என்று சொல்வது போலத்தான்.

ஆனால் அந்த 24-உம் நிலத்துக்கு வந்து சேர்வதில்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது எஞ்சினின் திறன். பின்பக்கம் ரோட்டவேட்டரையும் பம்ப்பையும் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வரும்போது அது 20 ஆகிவிடும். பின்னால் கட்டி இழுக்கும் கலப்பைக்கு வரும்போது இன்னும் குறையும். எவ்வளவு குறையும் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை, வண்டியின் எடை தீர்மானிக்கிறது. டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

டிராக்டர் இழுப்பது டயரும் மண்ணும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால். பிடிப்பு எவ்வளவு என்பது டயர்மேல் எவ்வளவு எடை அழுந்துகிறது என்பதைப் பொறுத்தது. உழுத பொலபொலப்பான மண்ணில், நான்கு சக்கரமும் ஓடும் வண்டி தன் எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே இழுக்க முடியும். மினி டிராக்டரின் எடை 650 கிலோ என்று வைத்துக்கொண்டால், இழுவை ஏறக்குறைய 300 கிலோ. அதற்கு மேல் பாரம் வந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். 300 கிலோவை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கத் தேவைப்படும் திறன் நாலரை எச்.பி. மட்டுமே. மீதியெல்லாம் எஞ்சினுக்குள் இருக்கிறது. மண்ணுக்குப் போக வழியில்லாமல் நிற்கிறது. 45 எச்.பி. வண்டி இரண்டு டன் இருப்பதால் அது 600, 700 கிலோ இழுக்கும். அதன் பெருமையில் பாதி எஞ்சினுடையது, பாதி இரும்பின் எடையுடையது.

மண் எவ்வளவு எதிர்க்கும் என்பது அடுத்த கேள்வி. இறக்கைக் கலப்பை ஒன்று ஓரடி அகலத்தில் எட்டு அங்குல ஆழத்தில் சால் போடுகிறது என்று கொள்வோம். அது வெட்டும் மண்ணின் முகம் சுமார் 600 சதுர செ.மீ. மணல் கலந்த செம்மண்ணில் ஒவ்வொரு சதுர செ.மீட்டரும் கால் கிலோ முதல் கிலோவில் மூன்றில் ஒரு பங்கு வரை எதிர்க்கும். இழுவை 150 முதல் 200 கிலோ. கரிசலில் அதே கலப்பைக்கு அரை கிலோவும் ஆகும், முக்கால் கிலோவும் ஆகும். இழுவை 300-இல் தொடங்கி 450 வரை போகும். ஆகவே ஒரே மினி டிராக்டர் சித்தப்பாவின் செம்மண்ணில் சிரமமில்லாமல் உழும், உடுமலையில் கரிசல் வைத்திருக்கும் சம்பந்தி வீட்டுக் காட்டில் திணறும். பக்கத்து ஊர்க்காரர் வண்டியைப் பார்த்து அதே வண்டியை வாங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அவருடைய மண் வேறு.

இந்த எடைப் புதிரோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. முதல் உலகப்போரின்போது அங்குள்ள டிராக்டர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துச் சீராக்கும் பொறுப்பு 1917-இல் அவரிடம் வந்தது. அன்றைய டிராக்டர்கள் கலப்பையை வண்டி போலப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், பின்சக்கரம் நிற்க, முன்பக்கம் மேலே எழும்பி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாக்கக் கவிழ்ந்துவிடும். பலர் இப்படி இறந்தார்கள். கலப்பையைக் கட்டி இழுக்காமல், மூன்று கைகளால் டிராக்டரின் உடம்போடு சேர்த்துப் பிடித்தால் என்ன என்று ஃபெர்குசன் யோசித்தார். கீழே இரண்டு கை, மேலே ஒன்று. அப்படிப் பிடித்தால், கலப்பையைக் கீழே இழுக்கும் மண்ணின் விசை டிராக்டரின் பின்சக்கரத்தின் மேல் எடையாக விழுகிறது. மேல் கை முன்பக்கத்தை எழும்பவிடாமல் அழுத்துகிறது. கலப்பை கடினமான மண்ணில் போகப் போக, சக்கரத்தின் பிடிப்பும் தானாகக் கூடுகிறது. மண்ணின் எதிர்ப்பையே எடையாக மாற்றிக்கொண்ட உபாயம் அது.

இதனால் வண்டி இரும்பு மலையாக இருக்க வேண்டிய தேவை போயிற்று. 1946-இல் அவர் கொண்டுவந்த டி.இ.20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டரின் எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம்; திறன் முப்பது எச்.பி.க்குள். பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 சனவரியில் தென்துருவத்தைச் சென்றடைந்ததும் இந்த வகை டிராக்டரில்தான். மாஸி ஃபெர்குசன் என்ற பெயரில் உள்ள ஃபெர்குசன் இவரே. அந்த டிராக்டர்களை நம் நாட்டில் செய்வதற்காக 1960-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம்தான் டாஃபே. இன்று எந்த நிறத்து டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் அந்த மூன்று கைகளைப் பார்க்கலாம்.

சித்தப்பாவின் தோட்டத்துக்கு வாடகைக்கு வந்திருந்த மினி டிராக்டரில் சாக்பீஸைப் பயன்படுத்தினேன். பின்டயரில் ஒரு கோடு. கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓடவிட்டு, போன தூரத்தை நாடாவால் அளந்தோம். பிறகு கலப்பையை இறக்கி மறுபடி பத்துச் சுற்று. இரண்டாம் முறை தூரம் குறையும். குறைந்த அளவுதான் சறுக்கல். நூற்றுக்கு எட்டிலிருந்து பதினைந்து வரை சறுக்கினால் வண்டியும் கலப்பையும் பொருத்தம். முப்பது சறுக்கினால் டீசலும் டயரும் வீண்; சின்னக் கலப்பை மாட்ட வேண்டும் அல்லது எடை ஏற்ற வேண்டும். சறுக்கலே இல்லையென்றால் தேவைக்கு மேல் எடையைச் சுமந்து திரிகிறது என்று பொருள். நாடா இல்லாதவர்கள் டயர் விட்டுப்போன தடத்தைப் பார்த்தாலே போதும். பட்டைகளின் அச்சு சித்திரம் போலத் தெளிவாக இருந்தால் எடை அதிகம், முழுக்க அழிந்து தேய்ந்திருந்தால் எடை குறைவு. நடுவில் கொஞ்சம் கலைந்திருக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் பன்னிரண்டு வந்தது. அஞ்சு கொத்துக் கலப்பையோடு, செம்மண்ணில். சித்தப்பா டயரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இழுவையில் பலவீனமான இலகு வண்டிக்கு இன்னொரு வழி இருக்கிறது. ரோட்டவேட்டரின் கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி மண்ணை வெட்டுகின்றன. வெட்டும்போதே மண்ணைப் பின்னுக்குத் தள்ளுவதால், டிராக்டரை முன்னால் தள்ளியும் விடுகின்றன. இங்கே டயரின் பிடிப்பு பெரிதாக வேண்டியதில்லை, திறன் பி.டி.ஓ. வழியாக நேரே மண்ணுக்குப் போய்விடுகிறது. ஓர் அடி அகலத்துக்கு ஐந்து பி.டி.ஓ. எச்.பி. என்பது தோராயமான கைக்கணக்கு, கனத்த மண்ணுக்கு இன்னும் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். 20 பி.டி.ஓ. எச்.பி.க்கு நாலடி ரோட்டவேட்டர். மினி டிராக்டர்கள் ரோட்டவேட்டரோடு சேர்ந்தே வீட்டுக்கு வருவதன் காரணம் இதுதான். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ரோட்டவேட்டரையே போட்டு ஒரே ஆழத்தில் அரைத்தால் மேல்மண் மாவாகும், அதன் அடியில் கத்தி தேய்த்த இடம் தளம் போல இறுகும். அவ்வப்போது கொத்துக் கலப்பையை இறக்கி அந்தத் தளத்தைக் கீறிவிட வேண்டும்.

"பெரிய வண்டின்னா ஒரு மணி நேரத்துல முடிச்சிருமே?" என்றார் சித்தப்பா. எல்லோரும் கேட்பதுதான். கணக்கைத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். ஆறடி ரோட்டவேட்டர், மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம்: நிற்காமல் நேராக ஓடினால் மணிக்கு 5,400 சதுர மீட்டர். நாலடி, இரண்டரை கிலோமீட்டர் வேகம்: 3,000. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் எந்த வண்டியும் நேராகவே ஓடுவதில்லை, மூலைக்கு மூலை திரும்ப வேண்டும். சித்தப்பாவின் தக்காளிப் பாத்தி நீளவாக்கில் 20 மீட்டர். பெரிய வண்டி அந்த 20 மீட்டரை 24 நொடியில் கடக்கும். தூக்கி, பின்னால் எடுத்து, திரும்பி, இறக்க 28 நொடி ஆகும். ஓடும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் அதிகம். சின்ன வண்டி 29 நொடியில் கடந்து 18 நொடியில் திரும்பிவிடும். இப்போது பெரியது மணிக்கு 2,500 சதுர மீட்டரும் சின்னது 1,850-உம் உழுகின்றன. இரண்டு மடங்காகத் தெரிந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று சுருங்கிவிட்டது. திரும்புவதற்கு வரப்போரம் விட வேண்டிய நிலத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் சுருங்கும்.

பிறகு நாடாவோடு தோப்புக்குள் போனோம். தென்னைக்குத் தென்னை 25 அடி. இரண்டு பக்கமும் வட்டப்பாத்தி ஆறடி ஆறடி போனால் நடுவில் 13 அடி. இதில் 45 எச்.பி. வண்டிகூடத் தாராளமாக ஓடும். ஆனால் போன வருடம்தான் சித்தப்பா தென்னைக்கு நடுவே கோகோ வைத்திருந்தார். கன்றாக இருக்கும் இன்று இடம் இருக்கிறது. நாலாம் வருடம் கிளை பரப்பினால் வண்டி போகக் கிடைப்பது ஒவ்வொரு பக்கமும் நாலைந்து அடிதான். கூடவே சொட்டுநீர்க் குழாய். மூன்றரை அடி அகலத்து மினி டிராக்டருக்கு அது போதும். ஆறடி வண்டி உள்ளேயே நுழையாது. வண்டி பத்து வருடம் இருக்கப் போகிறது. ஆகவே அளக்க வேண்டியது இன்றைய இடைவெளியை மட்டும் அல்ல. வாழைக்கும் இதேதான். ஆறடிக்கு ஆறடி வாழையில் மூன்றரை அடி வண்டி போனால் பக்கத்துக்கு ஒன்றேகால் அடி மிஞ்சும். நல்ல ஓட்டுநர் வேண்டும்.

தென்னையின் வேர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு மரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. பெரும்பகுதி ஓர் அடிக்குக் கீழே ஓடுகின்றன. மரங்களுக்கு நடுவே நாலு அங்குலம் கிளறினால் தென்னைக்குப் பெரிய இழப்பு இல்லை. வட்டப்பாத்திக்குள் சக்கரம் ஏறுவதுதான் கூடாது. கோகோவுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதன் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடக்கும்.

குறுகலான வண்டிக்கு ஒரு குறையும் உண்டு. சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் பக்கவாட்டில் சாயும் ஆபத்து அதிகம். வரப்பில் ஒரு சக்கரத்தை ஏற்றித் திருப்புவது, வாய்க்கால் கரையை ஒட்டி ஓட்டுவது, மட்கார்டில் பிள்ளைகளை உட்காரவைப்பது, இம்மூன்றையும் செய்ய வேண்டாம் என்று சித்தப்பாவிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவை, மட்டையில் தட்டுகிறது என்று கழற்றிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

கடைசியாகக் கம்பி. முந்தின நாள் மழை பெய்து மண் பதமாக இருந்தது. வேலியோரம் யாரும் மிதிக்காத இடத்தில் கம்பியைக் குத்தினேன். இரண்டு கையால் அழுத்த, ஒன்றரை அடி இறங்கியது. தென்னை வரிசைக்கு நடுவே ஓரடி. மூன்றாவதாக, தேங்காய் ஏற்ற டிப்பர் வந்துபோகும் தடத்தில் குத்தினேன். ஒரு சாண் இறங்கி நின்றது. சித்தப்பா வாங்கி அழுத்திப் பார்த்தார், அவருக்கும் இறங்கவில்லை.

மண் என்பது பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் சின்னத் துளைகளில் நீர் தங்குகிறது, பெரிய துளைகள் வழியே மழைநீர் இறங்குகிறது, வேர் மூச்சு விடுகிறது. பாரம் ஏறும்போது முதலில் நசுங்குவது பெரிய துளைகள். மண்ணின் எதிர்ப்பு ஒரு சதுர செ.மீட்டருக்கு 20 கிலோ அளவைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் கீழே இறங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். என் 12 எம்.எம். கம்பியின் முகம் ஒரு சதுர செ.மீட்டரைவிடச் சற்றே பெரியது. 23 கிலோ அளவுக்கு அழுத்தியும் இறங்கவில்லை என்றால் வேருக்கும் அங்கே வழியில்லை என்று தோராயமாகக் கொள்ளலாம்.

இந்த நசுங்கலில் இரண்டு பங்காளிகள் உண்டு. மேல்மண் எவ்வளவு இறுகும் என்பது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. காற்றைக் கொஞ்சம் குறைத்து அகலமான டயர் போட்டால் மேலே பாதிப்பு குறையும். எவ்வளவு ஆழத்துக்கு இறுகும் என்பதோ அச்சின் மேலுள்ள மொத்த எடையைப் பொறுத்தது. அதை அகல டயரால் ஏமாற்ற முடியாது. மேலே இறுகியதைக் கலப்பை அவிழ்த்துவிடும். கலப்பை எட்டாத ஆழத்தில் இறுகியது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈரமண்ணில் பாதிப்பு பல மடங்கு, அதிலும் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. மழை விட்டு ஈரம் வடிவதற்குள் "ஒரே ஒரு தடவை" என்று ஓட்டுவது எனக்குப் பார்க்கவே பொறுக்காது. 650 கிலோ வண்டிக்கும் இரண்டு டன் வண்டிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாலைந்து டன் ஏற்றிய டிப்பர் இரண்டையும்விட மோசம்.

நெல் வயலுக்கு இதே பாடம் தலைகீழாக வரும். சேற்றுழவுக்கு அடியில் ஓர் இறுகிய தளம் வேண்டும், இல்லையேல் தண்ணீர் நிற்காது. தஞ்சை வயல்களில் தலைமுறைகளாக மாடும் மனிதரும் மிதித்து உண்டாக்கிய தளம் அது. கனத்த வண்டி கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு இறங்கிப் புதைந்தால் அந்தத் தளம் அங்கங்கே உடையும். அடுத்த வருடம் அதே இடத்தில் இன்னும் ஆழமாகப் புதையும். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள பவர் டில்லர் சின்ன வயல்களில் இன்னும் நிலைத்திருக்கிறது என்றால், அது விலையால் மட்டும் அல்ல.

இனி பணம். மினி டிராக்டரும் ரோட்டவேட்டரும் கலப்பையும் சேர்த்து 7 லட்சம் என்று கொள்வோம். பத்து வருடம் கழித்து 2 லட்சத்துக்கு விற்கலாம். வருடத்துக்கு 50,000 தேய்மானம். போட்ட பணத்துக்கு வட்டி சராசரியாக 40,000. வண்டி கொட்டகையில் சும்மா நின்றாலும் வருடம் 90,000 ரூபாய் போகும். சித்தப்பாவின் வேலையைக் கூட்டினோம். தென்னைக்கு நடுவே வருடம் இரண்டு உழவு, 12 மணி. ஒன்றரை ஏக்கரில் இரண்டு போகம், போகத்துக்கு நாலு ஓட்டம், 24 மணி. எருவும் மட்டையும் ஏற்றி இறக்க இன்னொரு 24. மொத்தம் 60 மணி நேரம். தொண்ணூறாயிரத்தை அறுபதால் வகுத்தால், டீசல் ஊற்றுவதற்கு முன்பே மணிக்கு 1,500 ரூபாய். வாடகை வண்டி டிரைவரோடும் டீசலோடும் 1,100-க்கு வருகிறது. சொந்த வண்டியில் டீசலும் ஆயிலும் மணிக்கு 300 என்றால், ஒவ்வொரு மணியிலும் மிச்சம் 800. வருடம் 112 மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் வாங்கியது நியாயம். 45 எச்.பி. வண்டிக்கு இந்த எல்லை இன்னும் தள்ளிப் போகும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டிகளையும் மானியத்தையும் சேர்த்தால் எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

வாடகையில் ஒரு கஷ்டம் இருப்பதை நான் மறைக்கவில்லை. மழை பெய்து மண் பதமாகும் அந்த மூன்று நாளில் ஊர் முழுக்கவே வண்டி கேட்கும். நம் முறை வருவதற்குள் பதம் போய்விடும். சொந்த வண்டிக்காரருக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் அந்த நாள்தான், அதற்கு விலை போடுவது கடினம்.

"அப்ப புல்லுக்கு என்ன பண்றது? மாசத்துக்கு ஒருக்கா முட்டிவரைக்கும் வந்துருதே" என்றார். தோப்பில் அவருடைய பாதி வேலை அதுதான். உழுது அழிக்கலாம்; ஆனால் மலையடிவார மழையில் வெறும் மண்ணை விட்டுவைப்பது அதை வாய்க்காலுக்கு அனுப்புவது போல. வெட்டிப் போட்டால் அதுவே மூடாக்கு. வெட்டுவதில் ஓர் அறிவியல் இருக்கிறது. அரிவாளால் அறுக்கும்போது ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொள்கிறோம். மெஷினில் பிடிக்கக் கை இல்லை. புல் சாய்ந்து ஒதுங்குவதற்குள் கத்தி அதைத் தாண்டியாக வேண்டும். அதன் சொந்த எடையே பிடிமானம். அதற்கு வேகம் வேண்டும். தோளில் மாட்டும் பிரஷ் கட்டரின் பத்து அங்குலக் கத்தி நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சுற்றினால் அதன் முனை மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தெறிக்கும் கல்லும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வரும். பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பது அதனால்தான். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

பிரஷ் கட்டரால் ஒரு ஆள் ஒரு நாளில் அரை ஏக்கர் வெட்டினால் பெரிது. மூன்று ஏக்கருக்கு ஆறு நாள், மாதம் தவறாமல். தோள் தாங்காது. மினி டிராக்டரில் மாட்டும் நாலடி ஸ்லாஷர் ஒரு ஏக்கரை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும். அதற்கும் அடிக்கு ஐந்து பி.டி.ஓ. எச்.பி. என்ற அதே கைக்கணக்குதான். காய்ந்த தென்னை மட்டையைத் தூளாக்க மட்டும் அது போதாது. அதற்கான மெஷின் வேறு, திறனும் அதிகம் கேட்கும், வருடத்துக்கு இரண்டு முறை வாடகைக்கு வரவழைத்தால் போதும். மரத்தடியிலும் வேலியோரத்திலும் பிரஷ் கட்டரே கதி.

ஸ்லாஷரைக் கணக்கில் சேர்த்ததும் மணிகள் மாறின. தென்னைக்கு நடுவே உழவு வருடம் ஒன்றாகக் குறையும், புல் வெட்டுவது எட்டு முறை வரும். 60 மணி 90 ஆனது. எல்லைக்கு இன்னும் குறைவு. அப்போதுதான் சித்தப்பா, பக்கத்துத் தோப்பு மச்சானுக்குப் போன் போட்டார். அவருக்கு ஐந்து ஏக்கர், அதே மண், அதே 25 அடி. இரண்டு பேரும் சேர்ந்தால் 180 மணிக்குக் குறையாது. பதமான நாளில் யாருக்கு முதலில் என்பதை மட்டும் பேசிக்கொண்டால் போதும். ஒற்றைப்படை வருடம் இவர், இரட்டைப்படை வருடம் அவர் என்று வரப்பில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டார்கள்.

24 எச்.பி., நான்கு சக்கர இழுவை, நாலடி ரோட்டவேட்டர், அஞ்சு கொத்துக் கலப்பை, நாலடி ஸ்லாஷர், ஒரு சின்ன டிரெய்லர். ஷோரூமுக்கு நானும் போயிருந்தேன். விற்பனைப் பையன் எச்.பி.யிலிருந்து ஆரம்பித்தபோது, சித்தப்பா நாடாவை நீட்டி முதலில் டயருக்கு டயர் அகலத்தை அளந்தார். பிறகு வண்டியின் எடையைக் கேட்டார்.

தேங்காய் வெட்டு முடிந்த அடுத்த வாரம், வியாபாரியின் டிப்பர் வழக்கம் போலத் தோப்புக்குள் திரும்பப் பார்த்தது. சித்தப்பா கேட்டைப் பாதி சாத்திவிட்டு நடுவில் போய் நின்றார். "உள்ள வேண்டாம் தம்பி, வெளியவே நிறுத்துங்க. காயை நாங்க டிரெய்லர்ல கொண்டாந்து தர்றோம்" என்றார்.